உயிரியல் செய்முறைப் பெட்டி: சரக்கு நல்லது, கையேட்டைத் திருத்திக்கொண்டு பயன்படுத்துங்கள்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் வட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில், கேரளப் பள்ளி அறிவியல் விழாவான சாஸ்திரோத்சவம் நெருங்கினால் ஆசிரியர்களும் பெற்றோரும் விசாரிப்பது இந்தப் பெட்டியைத்தான். எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலும் கோவையிலும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பாலக்காட்டில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுக்கிறார்கள். மேல் அட்டையில் பெயர் கடைக்குக் கடை மாறுகிறது. உள்ளே இருக்கும் புட்டிகள், கையேடு, பட்டாணிப் பொட்டலம் எல்லாம் ஒன்றே. அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் மதிப்பிடுகிறோம். அச்சிட்ட விலை 3,450 ரூபாய். பேசினால் 2,900க்குத் தருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்துகளும் கண்ணாடிச் சாமான்களும் கொடுக்கும் காசுக்குத் தகுந்தவை. கையேடு பலவீனமானது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கம் மார்ச் மாத வகுப்பறையின் வெக்கை அதை எழுதியவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய குறை: கண்ட்ரோல் குழாய் எது, அதில் எதை விட வேண்டும் என்று ஒரு சோதனையில்கூடச் சொல்லவில்லை. நொதி போட்ட குழாயில் நிறம் மாறியது என்றால், நொதி போடாத குழாயில் மாறவில்லை என்பதையும் காட்டியாக வேண்டும். கொதிக்கவைத்த நொதி போட்ட குழாயிலும் மாறவில்லை என்று காட்டினால்தான் வேலை செய்தது நொதியே என்று பேச முடியும். ஆகவே கையேட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த இரண்டு குழாய்களையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவை: 12 சோதனைக் குழாய், தாங்கி, வெள்ளைக் குழித்தட்டு, துளிக்குழாய்கள், 100 மி.லி. அளவு உருளை, வெப்பமானி, அயோடின், பெனடிக்ட் கரைசல், கரையும் ஸ்டார்ச் 25 கிராம், டயாஸ்டேஸ் பொடி 5 கிராம், 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மி.லி., ஜெலட்டின், அசிட்டோகார்மைன் சாயம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பி.டி.சி. என்ற ரசாயனம் தடவிய சுவைத் தாள், பட்டாணி விதைகள், கண்ணாடி வைத்த ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கி. வாலை வடிநீர் இல்லை. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோப்பு சேர்க்கும் சோதனைகளில் திரிதிரியாகப் படிந்து தொந்தரவு கொடுக்கும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் ஒரு கேன் வாங்கிவைத்தால் போதும்.

ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான அமைலேஸை வைத்துச் செய்யும் சோதனையில்தான் கையேடு அதிகம் சறுக்குகிறது. 37 டிகிரியில் நொதி உச்ச வேகத்தில் இருக்கும் என்று எழுதி, வரைபடத்தையும் போட்டுக் காட்டிவிடுகிறது. புட்டியில் இருப்பதோ உமிழ்நீர் நொதி அல்ல. அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த அமைலேஸ் வகையான டயாஸ்டேஸ். லேபிளில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அதே வகை. இதன் வேகம் 50, 55 டிகிரி வரை ஏறிக்கொண்டே போகும். லேசான அமிலத்தன்மை, அதாவது பி.எச். 5ஐ ஒட்டி, இதற்குப் பிடித்தமானது. மாணவர் 30, 37, 50, 80 டிகிரி என நான்கு குழாய் வைத்தால் 50லேயே ஸ்டார்ச் முதலில் தீரும். அப்போது கையேட்டைப் புரட்டிப் பார்த்து, நம் கையில்தான் கோளாறு என்று நினைத்து ரெக்கார்டில் 37 என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணால் கண்டதை அழித்துவிட்டு அச்சில் இருப்பதை எழுதப் பழகுவதைவிடக் கெட்ட பழக்கம் அறிவியல் வகுப்பில் இல்லை. இந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டே பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

செய்முறை இப்படி இருக்கட்டும். 1 கிராம் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு 100 மி.லி. ஆக்க வேண்டும். பச்சை மாவைத் தண்ணீரில் கலக்கினால் ஸ்டார்ச் மணிகள் உடையாமல் அடியில் தங்கிவிடும். நொதி அவற்றை எளிதில் தொடாது. கரையும் ஸ்டார்ச் தீர்ந்துவிட்டால் கூவைப்பொடி நன்றாக ஈடுகொடுக்கிறது. டயாஸ்டேஸ் 0.1 கிராமை 100 மி.லி. நீரில் அன்றன்றே கரைக்க வேண்டும். ஸ்டார்ச் 5 மி.லி., நொதி 1 மி.லி.; இரண்டையும் தனித்தனிக் குழாயில் அதே வெப்ப நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகே கலக்க வேண்டும். குழித்தட்டில் முன்கூட்டியே குழிக்கு ஒரு துளி அயோடின். 30 விநாடிக்கு ஒருமுறை கலவையில் ஒரு துளி எடுத்து அடுத்தடுத்த குழியில் விட்டால் வரிசையாகக் கருநீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் என்று கதை தட்டிலேயே விரியும். நடுவில் வரும் செம்பழுப்பு, ஸ்டார்ச் பாதி உடைந்த துண்டான டெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச் ஒரே வெட்டில் சர்க்கரையாவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. முதல் குழியிலேயே மஞ்சளாகிவிட்டால் நொதி அதிகம், பத்து மடங்கு நீர்க்கவையுங்கள். கால் மணி நேரமாகியும் நீலம் போகவில்லை என்றால் பொடி ஈரம் கோத்துப்போயிருக்கிறது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வெந்நீரில் இருக்கும் குழாய்க்குள்ளேயே அயோடினை ஊற்றுவது. 80 டிகிரியில் ஸ்டார்ச் இருந்தாலும் அயோடினோடு நீலம் பிடிக்காது; ஆறினால் திரும்ப வரும். ‘80 டிகிரியிலும் நொதி வேலை செய்தது’ என்று கண்காட்சி அட்டைகளில் காண்பது இதனால் வரும் பிழை. துளியைக் குளிர்ந்த குழித்தட்டில் விட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மற்றொன்று, பி.எச். மாற்ற எலுமிச்சைச் சாறு ஊற்றச் சொல்கிறது கையேடு. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றி நிறத்தை அழித்துவிடும். நொதியே இல்லாத குழாயிலும் நீலம் மறையும். கண்ட்ரோல் குழாய் இருந்திருந்தால் இது உடனே பிடிபட்டிருக்கும். எலுமிச்சைக்குப் பதில் வினிகரோ, பலசரக்குக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் சிட்ரிக் அமிலமோ போடுங்கள்.

உமிழ்நீரை வைத்தே செய்ய விரும்பினால், வாயை நன்றாகக் கொப்பளித்து, 1 மி.லி. உமிழ்நீரை 9 மி.லி. நீரில் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். உமிழ்நீர் அமைலேஸ் முழு வேகம் பிடிக்கக் குளோரைடு அயனி வேண்டும். பேட்டரி தண்ணீரில் அது இருக்காது. அவரவர் குழாயை அவரவரே கையாண்டு அவரவரே கழுவ வேண்டும்.

பெனடிக்ட் கரைசல் நன்றாக இருக்கிறது. ஈஸ்டின் நொதி சர்க்கரையை உடைப்பதை இந்தக் கரைசலால் காட்டும் சோதனைக்குக் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியையே எடுங்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். ஈஸ்ட் போடும் முன்பே செங்கல் நிறம் வந்துவிடும்.

பெராக்சைடு சோதனைக்கு வருவோம். 6 சதவீதக் கரைசலோடு அதே அளவு நீர் சேர்த்தால் 3 சதவீதம். இது வெயிலிலும் சூட்டிலும் தானாகச் சிதைந்துகொண்டே இருக்கும். கோடையில் கடை அலமாரியில் கிடந்த புட்டி பாதி செத்திருக்கலாம். சரிபார்க்க எளிய வழி உண்டு. 3 சதவீதக் கரைசல் 1 மி.லி. முழுதாகச் சிதைந்தால் ஏறத்தாழ 10 மி.லி. ஆக்சிஜன் வர வேண்டும். 5 மி.லி. எடுத்து, துருவிய உருளைக்கிழங்கு ஒரு தேக்கரண்டி போட்டு (அதிலுள்ள கேட்டலேஸ் நொதிதான் பெராக்சைடைச் சிதைக்கிறது), வாயுவை நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு உருளையில் பிடித்தால் 50 மி.லி. அருகில் வரும். 25 மி.லி. தான் வருகிறது என்றால் கரைசல் பாதி வீரியத்தில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் புதுப் புட்டி வாங்குங்கள். மீதியைக் காற்றுப் புகாத புட்டிக்கு மாற்றி இறுக மூடக் கூடாது. வாயு சேர்ந்து வெடிக்கும்.

வட்டத்தாள் முறை கையேட்டில் சரியாகவே இருக்கிறது. வடிதாளைப் பஞ்சிங் மெஷினில் வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாற்றில் தோய்த்து, பெராக்சைடு உள்ள கிண்ணத்தின் அடியில் விட வேண்டும். ஆக்சிஜன் குமிழ்கள் ஒட்டி அது மிதந்து வரும் நேரமே நொதியின் வேகத்துக்கு அளவு. 50 கிராம் கிழங்கு, 50 மி.லி. குளிர்ந்த நீர், மிக்ஸியில் ஒரு சுற்று, துணியில் வடிகட்டல். சாற்றை ஐஸ்மேல் வையுங்கள். சாறு கறுப்பது வேறொரு நொதியின் வேலை, பாலிபீனால் ஆக்சிடேஸ். நறுக்கிய கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதும் அதனால்தான். வாழைக்காயை வெறும் தண்ணீர், மோர், கொதிநீர் மூன்றிலும் போட்டு ஒப்பிட்டாலே அழகான தனிச் சோதனை. அதற்குப் பெட்டியே வேண்டாம்.

அன்னாசியும் ஜெலட்டினும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் சோதனை. இந்த ஊர்ச் சூட்டில் மிக அதிகமாகத் தோற்பதும் அதுவே. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். மதியம் மேசைமேல் வைத்தால் அன்னாசி போட்டதும் உறையாது, போடாததும் உறையாது. ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டி அவசியம். உறையவில்லை என்று சிலர் சைனா கிராஸ் வாங்கிப் போடுகிறார்கள். ஜெலட்டின் தீர்ந்துபோனால் கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுப்பதுண்டு. அது கடல்பாசியிலிருந்து வரும் சர்க்கரைச் சங்கிலி, ஜெலட்டினைப்போலப் புரதம் அல்ல. அன்னாசியின் புரோமிலைன் நொதி புரதத்தை மட்டுமே வெட்டும். அதனால் எல்லாக் குழாயும் கெட்டியாகி, நொதியே இல்லை என்ற தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 5 கிராம் ஜெலட்டினை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து, கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு, குழாய்க்கு 10 மி.லி. ஊற்றி, ஒன்றில் பச்சைச் சாறு 2 மி.லி., இன்னொன்றில் ஐந்து நிமிடம் கொதித்து ஆறிய சாறு, மூன்றாவதில் தண்ணீர். சூடாக இருக்கும்போதே சாற்றை ஊற்றினால் நொதி அங்கேயே கெட்டுவிடும். அரை மணி ஐஸில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் முதல் குழாய் மட்டும் ஓடும். மூன்று குழாய்களுக்கும் ஒரே ஐஸ், ஒரே நேரம் என்பதைக் கவனியுங்கள். ஜெலட்டின் விஷயத்தில் நேரம் தப்பினால் ஒப்பீடு தப்பும்.

டி.என்.ஏ. பிரித்தெடுப்பில் வாழைப்பழத்தைச் சொல்கிறது கையேடு. வாழைப்பழத்தில் பெக்டின் அதிகம். ஆல்கஹால் பட்டதும் பெக்டினும் வெள்ளை நூலாகவே திரளும். அதைப் பார்த்து டி.என்.ஏ. என்று கைதட்டுவார்கள். பச்சைப் பட்டாணியோ வெங்காயமோ மேல். 100 மி.லி. நீரில் உப்பு 3 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் 10 மி.லி.; நறுக்கிய வெங்காயம் 100 கிராம்; 60 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம். இந்தச் சூடு செல் சுவரை இளக்குவதோடு டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளையும் அடக்கும். பிறகு ஐஸில் ஆறவைத்து, மிக்ஸியில் ஐந்து விநாடி மட்டும். கையேட்டில் இரண்டு நிமிடம் என்று இருப்பது தவறு: அவ்வளவு நேரம் சுழன்றால் நீண்ட இழைகள் துண்டு துண்டாகி, கடைசியில் நூலுக்குப் பதில் மேகம்போல ஒரு கலங்கல்தான் மிஞ்சும். வடிகட்டிய சாற்றின்மேல், குழாயைச் சாய்த்து, ஃபிரீசரில் குளிர்ந்த ஆல்கஹாலைச் சம அளவு ஓரமாக வழியவிட வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் விளைச்சல் குறைவு. மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இதற்கு மிகப் பொருத்தம். தீப்பிடிக்கும் பொருள், அடுப்புப் பக்கம் கூடாது. வெளியே வரும் நூலில் ஆர்.என்.ஏ.யும் புரதமும் ஒட்டியிருக்கும் என்பதை அட்டையில் ஒரு வரி எழுதிவைத்தால் நடுவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

நுண்ணோக்கியின் அட்டையில் 1200 மடங்கு என்று போட்டிருக்கிறது. நம்ப வேண்டாம். 0.2 மைக்ரானுக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளியால் பிரித்துக் காட்டவே முடியாது, இந்தப் பிளாஸ்டிக் லென்ஸ் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. 100 மடங்கில் தெளிவு. 400ல் நடுப்பகுதி மட்டும் பரவாயில்லை. அதற்குமேல் மங்கல்தான் பெரிதாகிறது. வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைப் பார்க்கத் தயாரிப்பை வீட்டில் செய்துவிட்டுப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள்.

அந்தத் தயாரிப்புக்குப் பெரிய வெங்காயத்தைவிடச் சின்ன வெங்காயம் வசதி. அதிலும் 16 குரோமோசோம்தான், வேர் சீக்கிரம் விடும், குறுகலான மருந்துப் புட்டி வாயில் நிற்கும். வேர் ஒன்றிரண்டு செ.மீ. ஆனதும் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டுங்கள். 1 நார்மல் அமிலத்தில், 60 டிகிரியில் ஐந்து முதல் எட்டு நிமிடம். கழுவி, அசிட்டோகார்மைனில் கால் மணி. நுனியில் 2 மி.மீ. மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட வேண்டும். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு துளி, கவர் கிளாஸ், பென்சில் பின்பக்க ரப்பரால் மெல்லத் தட்டல், ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக ஓர் அழுத்தம். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அமிலத்தில் போதுமான நேரம் வைக்கவில்லை. எல்லாம் நீள நீளச் செல்களாக இருந்தால் வெட்டிய இடம் தவறு. சாயம் நன்றாக ஏறியும் பிரியும் செல் ஒன்றுகூட இல்லை என்றால், பறித்த நேரத்தையோ வேர் வளர்ந்த அறையின் சூட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

பெட்டியில் மிக அருமையான பொருள் பட்டாணிப் பொட்டலம். கையேடு அதற்கு ஒதுக்கியிருப்பது அரைப் பக்கம், அதுவும் உருண்டை விதைக்கும் சுருங்கிய விதைக்கும் உள்ள 3:1 விகிதத்தை எண்ணுவதற்கு மட்டும். உருண்டை விதை ஒன்றையும் சுருங்கிய விதை ஒன்றையும் இரவு ஊறவைத்து, பிளேடால் சுரண்டி, அந்த மாவைத் தனித்தனிக் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி நீர்த்த அயோடினோடு வைத்து இந்தச் சிறிய நுண்ணோக்கியிலேயே பாருங்கள். உருண்டை விதையில் ஸ்டார்ச் மணிகள் முழுசாக, நீள்வட்டமாக, நீலக் கூழாங்கல்போலக் கிடக்கும். சுருங்கிய விதையில் மணிகள் சிறியவை, நட்சத்திரமாகப் பிளந்தவை, ஒழுங்கற்றவை. வேறுபாடு கண்ணில் அறையும்.

காரணம் ஒரு நொதி. ஸ்டார்ச்சில் கிளைகள் போடும் நொதிக்கான ஜீனுக்குள் ஏறத்தாழ 800 காரங்கள் (டி.என்.ஏ. எழுத்துகள்) நீளமுள்ள ஒரு துண்டு நுழைந்து உட்கார்ந்துவிட்டதால் சுருங்கும் வகையில் அந்த நொதி உருவாவதில்லை. கிளையுள்ள அமைலோபெக்டின் குறைகிறது, சர்க்கரை ஸ்டார்ச்சாக மாறாமல் தேங்குகிறது, சர்க்கரை நீரை இழுத்துவைக்கிறது, விதை காயும்போது அந்த நீர் போய்த் தோல் சுருங்குகிறது. இங்கிலாந்தில் நார்விச் நகர ஆய்வாளர்கள் இதை 1990ல் வெளியிட்டார்கள். மெண்டல் 1866ல் அச்சிட்ட கணக்கில் 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அவர் எண்ணியது ஒரு நொதி இருப்பதையும் இல்லாததையும். பெட்டியின் முதல் சோதனையில் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி, கடைசிச் சோதனையில் ஸ்டார்ச்சைக் கட்டும் நொதி. நொதிகள் ஒரு பாடம், மரபியல் வேறொரு பாடம் என்று படித்துவந்த பிள்ளைக்கு இரண்டும் இந்தச் சில்லில் ஒன்றுசேர்கின்றன. கலப்பின விதை வெளிப்பார்வைக்கு உருண்டைதான். ஆனால் அதன் ஸ்டார்ச் மணிகள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. ஓங்கு பண்பு என்பது நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று பிளஸ் டூ மாணவருக்கு இதைவிட நேராகக் காட்ட வழி கிடையாது.

அந்தப் பொட்டலத்தில் ஒரு குறையும் உண்டு. ‘இரண்டாம் தலைமுறை விதைகள், 80’ என்று எழுதியிருக்கிறது. எந்தப் பெட்டியைப் பிரித்து எண்ணினாலும் 60 உருண்டை, 20 சுருக்கம். செடியில் காய்த்த விதைகள் இப்படிப் பிசகாமல் வராது. 80 விதையில் உருண்டை 56 முதல் 64 வரை முன்பின்னாக இருப்பதே சகஜம். இவை எண்ணிப் போட்டவை. மாணவருக்கு இயற்கை அச்சுப் பிசகாமல் 3:1 தரும் என்ற தப்பான எண்ணம் பதிந்துவிடும். சரிசெய்ய, நான்கைந்து பெட்டிகளின் விதைகளை ஒரே பையில் கொட்டி, கண்ணை மூடி ஆளுக்கு 40 எடுத்து எண்ணித் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஒருவருக்கு 34க்கு 6 வரும். எதிர்பார்த்தது 30க்கு 10. வித்தியாசம் 4, அதன் வர்க்கம் 16. எண்ணிக்கை எதிர்பார்ப்போடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் கணக்கில் 16ஐ 30ஆல் வகுத்தது 0.53, 16ஐ 10ஆல் வகுத்தது 1.6, கூட்டினால் 2.13. வரம்பு 3.84க்குக் கீழே இருப்பதால் 3:1 நிற்கிறது. இன்னொருவருக்கு 24க்கு 16 வந்தால் 4.8, அவர் மறுபடி எண்ண வேண்டும், இன்னும் அதிக விதை எடுக்க வேண்டும். எண்களை வளைக்கக் கூடாது.

உள்ளூர் பலசரக்குக் கடைப் பட்டாணியை வைத்து மஞ்சள், பச்சை நிறத்தைப் பார்க்க விரும்புவோர் முதலில் பச்சைப் பட்டாணியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். தண்ணீர் பச்சையானால் அது சாயம். மேல்தோலை உரித்துப் பருப்பின் நிறத்தையே பதிவுசெய்ய வேண்டும். செடியாகவே வளர்த்துப் பார்க்க இந்தப் பக்கத்துக்குப் பட்டாணி ஒத்துவராது, வெயில் தாங்காது. அதற்கு அந்திமந்தாரை. ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் ஆராய்ந்த செடி அது. இளஞ்சிவப்புப் பூச்செடியின் மொட்டுக்குச் சாயங்காலம் பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, கிடைத்த விதைகளை விதைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1ஐ ஒட்டி வரும். மஞ்சளோ கோடு கோடாகவோ பூக்கும் செடிகளின் பக்கத்தில் எடுக்காதீர்கள். அவற்றின் கணக்கு வேறு.

‘குடும்பப் பண்பு அட்டவணை’ என்றொரு தாள் இருக்கிறது. நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது ஆகியவற்றை ஒரே ஜீனின் ஓங்கு, ஒடுங்கு பண்பு என்று போட்டு, அப்பா அம்மாவோடு ஒப்பிடச் சொல்கிறது. இதை வகுப்பில் கொடுக்கவே கூடாது. நாக்குச் சுருட்டலை 1940ல் இப்படி முன்வைத்தது உண்மை. 1952லேயே ஒரே கருவிலிருந்து பிறந்த சில இரட்டையரில் ஒருவர் சுருட்டுவார், மற்றவரால் முடியாது என்று காட்டியாயிற்று. காது மடலும் இரண்டே வகையாகப் பிரிவதில்லை. தப்பான விதியை வைத்துக்கொண்டு, ‘உனக்கு இருப்பது உன் அப்பாவிடம் இல்லையே’ என்ற பேச்சு ஒரு பிள்ளையின் மனத்தில் விழுந்தால் அதை யார் எடுப்பது?

பி.டி.சி. தாள் பரவாயில்லை. அது சிலருக்குக் கசக்கும், சிலருக்குச் சுவையே தெரியாது என்பது 1931ல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் தற்செயலாகக் கண்டது. கசப்பை உணரும் அந்த ஏற்பியின் ஜீன் ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. மருந்தில்லாத வெறும் தாளை முதலில் சுவைக்கக் கொடுக்க வேண்டும், பெட்டியில் அது இல்லை. வடிதாளை அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். வகுப்பின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், வீட்டாரை இழுக்க வேண்டாம்.

கூடுதலாக 600 ரூபாய்க்கு ரத்த வகைச் சோதனைத் தொகுப்பு விற்கிறார்கள். வாங்காதீர்கள். அந்தச் சீரம் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. கூரியர் வண்டியில் வெயிலில் வந்தது ரத்தத்தைச் சரியாகத் திரளவைக்கும் என்று நம்ப முடியாது. விரல் குத்தும் ஊசி கைமாறினால் ஹெபடைட்டிஸ் போன்ற நோய் தொற்றும். மேலும் ஏ.பி.ஓ. முறையும் புத்தகத்தில் இருப்பதுபோல் முழுமையானதல்ல: 1952ல் மும்பையில் பெண்டேயும் அவர் சகாக்களும் கண்டறிந்த பாம்பே வகையினர் சோதனையில் ஓ போலத் தெரிந்தாலும் ஏ, பி ஜீன்களைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

பழ ஈ வளர்ப்புக் குப்பி இன்னொரு கூடுதல் சரக்கு. ஈக்களுக்கு 25 டிகிரி வேண்டும், பத்து நாளில் ஒரு தலைமுறை. 30 டிகிரியை எட்டினாலே ஆண் ஈக்கள் மலடாகும். மார்ச் முதல் மே வரை இங்கே குப்பி காலியாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் முயலலாம்.

வாங்கும்போது கடையிலேயே பிரித்துப் பாருங்கள். அயோடின் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் வந்தது வெளுத்திருக்கும். டயாஸ்டேஸ் பொடி கட்டியாகாமல் உதிர வேண்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்க வேண்டும். பெராக்சைடின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். தீர்ந்த மருந்துகளைத் தனித்தனியாகத் தருகிறார்கள். நொதியும் பட்டாணியும் மட்டும் திரும்ப வாங்கினால் போதும், மற்றவை மெடிக்கலிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். டயாஸ்டேஸைக் கோடையில் கூரியரில் வரவழைக்காமல், பொள்ளாச்சி போகும் யாரிடமாவது சொல்லி நேரில் எடுத்துவரச் செய்து, வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.